காயாத எண்ணெய்

முதல் பெட்டி செத்தபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மலையைக் குடைந்து கட்டிய அந்தக் கூடத்தில், ஆளுயர இரும்புப் பலகைகளுக்கு நடுவே, அடுக்கடுக்காக ஐநூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள் இருந்தன. பேச்சுவழக்கில்தான் பெட்டி. உண்மையில் அது கதவளவு பெரிய இரண்டு பேக்கலைட் தட்டுகள். பழைய காலத்து சுவிட்சுகளைச் செய்வார்களே, அந்தச் சாமான். இரண்டு தட்டுக்கும் நடுவில் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி. அந்த இடைவெளியில் ஒரு வாயு ஓடிக்கொண்டே இருக்கும். தட்டுகளுக்குப் பல்லாயிரம் வோல்ட் மின்சாரம் கொடுத்து வைத்திருப்பார்கள். வானத்திலிருந்து மலையைத் துளைத்துக்கொண்டு வரும் கண்ணுக்குத் தெரியாத துகள் ஒன்று ஊடே போனால், வாயுவில் சின்னதாக ஒரு பொறி தட்டும். அந்தப் பொறிகளை எண்ணுவதுதான் அங்கே எல்லோருக்கும் பிழைப்பு. எண்ணுவதை நிறுத்திவிட்ட பெட்டியைச் செத்தது என்பார்கள்.

ஐநூறில் ஒன்று போனால் குடி முழுகிவிடாது. ஆனால் அந்த மாதம் முடிவதற்குள் ஆறு போயின. அடுத்த மாதம் ஒன்பது.

அவள் சோதனைப் பிரிவில் இருந்தாள். காலையில் வந்ததும் ஒவ்வொரு பெட்டியிலும் எவ்வளவு மின்சாரம் கசிகிறது என்று பார்த்து எழுதுவது அவள் வேலை. பதினாறு வருடமாக எழுதுகிறாள். எந்த எண் பெட்டி எப்படி நடந்துகொள்ளும் என்பது, பெற்ற பிள்ளைகளின் குணம்போல அவளுக்கு அத்துப்படி. சாகப்போகிற பெட்டியில் கசிவு ஏறும். ஒரு வாரம் ஏறும், இரண்டு நாள் இறங்கும், பிறகு ஒரேயடியாக ஏறிவிடும்.

அந்தப் பெட்டிகள் அத்தனைக்கும் உள்பூச்சு பூசியவர் அவளுடைய கணவர். பட்டறையில் அவர் பெயர் பூச்சுக்காரர். பேக்கலைட் பார்க்க வழவழவென்று இருந்தாலும் உள்ளே நுண்ணிய மேடுபள்ளம் இருக்கும். மேடு உள்ள இடத்தில் வேண்டாத பொறி கிளம்பும். பொறி கிளம்பக் கிளம்ப அந்த வாயு அமிலமாகித் தட்டையே அரிக்கும். அதைத் தடுக்க, தட்டுகளைச் சேர்த்து ஒட்டிய பிறகு, உள்ளே ஆளிவிதை எண்ணெயை நிரப்பி மெல்ல வடித்துவிடுவார்கள். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்கு ஒரு படலம் தங்கும். பிறகு ஐந்து நாள் இடைவிடாமல் உலர்ந்த காற்றைச் செலுத்தினால் அந்தப் படலம் காய்ந்து, வார்னிஷ்போல இறுகிவிடும். எண்ணெய் பூசுவதில் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் இல்லை, காய வைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று அவர் சொல்வார். சாப்பாட்டு மேசையில்கூட இதையே பேசி அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. வேலைக்குப் போகிற பேருந்தில், உட்கார்ந்த இடத்திலேயே மாரடைப்பு. கடைசி நிறுத்தத்தில் எழுப்பப்போன நடத்துனர்தான் பார்த்திருக்கிறார்.

பெட்டிகள் சாக ஆரம்பித்ததும் எல்லோருடைய கையும் குளிரூட்டுப் பொறியாளர் பக்கம் நீண்டது. அவரை ஈரத்துணி என்பார்கள். குழாய்களில் வேர்க்கும் தண்ணீரைத் துடைக்க எப்போதும் கையில் ஒரு துணி வைத்திருப்பார். முகமும் அந்தத் துணி மாதிரியே இருக்கும் என்பது பட்டறைக் கேலி. முந்தின வருடக் கோடையில் குளிர்நீர்க் குழாயில் ஒரு பாகம் உடைந்து, மாற்றுப் பாகம் வர நாற்பது நாள் ஆயிற்று. அத்தனை நாளும் கூடம் வெந்தது. அந்தச் சூட்டில்தான் பூச்சு இளகிவிட்டது என்று மேலிடம் முடிவுக்கு வந்துவிட்டது. விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லி ஈரத்துணிக்குக் கடிதம் கொடுத்தார்கள். அவர் துணியை மடித்து மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போனார்.

செத்த பெட்டி ஒன்றைப் பிரித்துப் பார்க்கச் சொன்னார் நிலையத்தின் தலைவி. அந்த அம்மாளை எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். பிரிக்கிற வேலை பட்டறையின் ஃபிட்டருக்கு வந்தது. ஃபிட்டர் வேறு யாரும் இல்லை, அவளுடைய கொழுந்தன். கணவரின் ஒரே தம்பி. அண்ணன் சொல்லித்தான் அவனுக்கு அங்கே வேலை கிடைத்தது. அவன் மெல்லிய கத்தியை விளிம்பில் செலுத்தி, ஒட்டியிருந்த பசையை அறுத்து, மேல் தட்டைத் தூக்கினான். அவள் விளக்கைத் தாழ்த்திப் பிடித்தாள்.

உள்ளே தேன் நிறத்தில் சொட்டுகள். ஊசித்தலை அளவில் நூற்றுக்கணக்காக. சில இடங்களில் மேல் தட்டையும் கீழ்த் தட்டையும் இணைத்து நூல்போல இழுத்துக்கொண்டு நின்றன. அவள் கையுறையைக் கழற்றி விரலால் தொட்டாள். பிசுபிசுத்தது. பூசி ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

கொழுந்தன் கத்தியைத் துடைத்தான், துடைத்த கத்தியையே மறுபடி துடைத்தான். சூடுதான் காரணம், அண்ணி, பார்த்தாலே தெரிகிறதே என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

அவளுக்கு அது சரியாகப் படவில்லை. ஒருமுறை இறுகிப்போன ஆளிவிதை எண்ணெய் சூட்டில் கருகுமே தவிர இளகாது. இதைக் கணவர் வாயால் அவள் நூறு தடவை கேட்டிருக்கிறாள். செத்த பெட்டியிலிருந்து ஒரு துண்டும், எப்போதோ மூலை உடைந்து ஒதுக்கி வைத்திருந்த நல்ல பெட்டியிலிருந்து ஒரு துண்டும் வெட்டினாள். இரண்டையும் சோதனை அடுப்பில், அந்தக் கோடையின் சூட்டில், பத்து நாள் வைத்தாள். நல்ல துண்டு கண்ணாடிபோல அப்படியே இருந்தது. மற்றதில் எண்ணெய் மறுபடி சொட்டுக் கட்டியது. சூடு எண்ணெயை ஓட வைத்தது உண்மைதான். ஆனால் ஓடுவதற்கு உள்ளே காயாத எண்ணெய் இருந்திருக்க வேண்டும்.

பிறகு எண்களைப் பார்த்தாள். அதுவரை செத்திருந்த பத்தொன்பது பெட்டிகளும் இருநூற்றுப் பதினெட்டுக்கும் இருநூற்று ஐம்பத்தொன்றுக்கும் நடுவில் இருந்தன. ஒன்றுகூட வெளியே இல்லை. முப்பத்துநான்கு பெட்டிகள் கொண்ட ஒரே தவணை. ஒரே நாளில் எண்ணெய் விட்டு, ஒரே வரிசையில் காய வைத்தவை.

பழைய பதிவேடுகள் பண்டக அறையில் இருந்தன. அவள் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு அங்கே போய், தரையில் உட்கார்ந்து தேடினாள். அந்தத் தவணையின் பக்கம் கிடைத்தது. வலப்பக்கம் சாய்ந்த அவர் கையெழுத்து. எண்ணெய் விட்ட தேதி, வடித்த தேதி, அதன் கீழே ஒரு வரி: 'ஐந்து நாள் தொடர்ந்து காற்று விடப்பட்டது. காய்ந்தது.'

தேதியை இன்னொரு தடவை படிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அந்த ஐந்து நாளில் நான்கு நாள் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஏழாம் மாதம். பெண் குழந்தை; வெளியே வரும்போதே உயிர் இல்லை. அந்த நான்கு நாளும் அவர் கட்டில் பக்கத்தில் ஒரு இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். குளிக்கக்கூட வீட்டுக்குப் போகவில்லை. நர்ஸ் வந்து நாற்காலி போடட்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்று தலையாட்டியது அவளுக்கு நினைவிருக்கிறது. ஆக, அவர் பட்டறைப் பக்கமே போகவில்லை. காற்றும் விடவில்லை. திரும்பிப் போன அன்று பெட்டிகளை மூடி முத்திரை வைத்துவிட்டு இந்த வரியை எழுதியிருக்கிறார்.

முதலில் வெட்கமாக இருந்தது. ஆனால் அங்கேயே உட்கார்ந்திருக்க உட்கார்ந்திருக்க, அந்த வெட்கத்துக்கு அடியில் வேறொன்றும் இருப்பது தெரிந்தது. வேலை வேலை என்று உயிரை விட்ட மனிதர், முப்பத்துநான்கு பெட்டி நாசமாகப் போனால் போகட்டும் என்று தன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அந்த நாட்களைப் பற்றி அவர்கள் இருவரும் பிறகு ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அவருக்கு அது எவ்வளவு வலித்தது என்றே அவளுக்குத் தெரியாமல் இருந்தது. இப்போது இந்த வரியில் தெரிந்தது.

கொழுந்தனிடம் சொன்னாள். அவன் முகம் சட்டென்று இறுகியது.

"விட்டுடுங்க அண்ணி. சூடுன்னு எழுதப் போறாங்க, எழுதிட்டுப் போகட்டும். செத்துப் போனவரை எதுக்கு இழுக்கணும்?"

"ஈரத்துணிக்கு வேலை போயிடும்."

"அந்த ஆளு என்னிக்காவது நம்ம யாருக்காவது முகம் கொடுத்துப் பேசியிருக்கானா?"

அது உண்மைதான். ஆனாலும் அந்த வாரக் கடைசியில் அவள் ஈரத்துணியின் வீட்டுக்குப் போனாள். ஏன் போனாள் என்று அவளுக்கே தெரியாது. அவர் சமையலறையில் மண்டியிட்டுத் தொட்டிக்கு அடியில் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. எனக்காக நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள் போதும் என்று குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் மனைவி அவளை வாசல்வரை கொண்டுவந்து விட்டாள். மூன்று வாரமாக வீட்டில் இருக்கிற எல்லாக் குழாயையும் கழற்றி மாட்டுகிறார் என்றாள்.

கூட்டம் நடந்த அன்று நீள மேசையைச் சுற்றி எட்டுப் பேர் இருந்தார்கள். கொழுந்தன்தான் பிரித்த தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தான். திரும்ப எடுத்துப் போக வேண்டும் என்பதால் கதவோரமாக நின்றான். அவள் அடுப்பில் வைத்த இரண்டு துண்டுகளையும் காட்டினாள். எண்களைச் சொன்னாள். பதிவேட்டைப் பிரித்து மேடம் முன்னால் நகர்த்தினாள்.

"அந்த நாலு நாளும் அவர் இங்க இல்ல மேடம். என்கூட ஆஸ்பத்திரியில இருந்தார்."

மேடம் அந்த வரியின் மேல் பேனாவை வைத்தார். "அப்ப இது?"

"பொய்" என்றாள் அவள்.

யாரும் கடிந்துகொள்ளவில்லை. யாரோ அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்கள். அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

அறிக்கை இரண்டு வாரத்தில் வந்தது. பூச்சுப் பணியாளர் காய வைக்கும் காலத்தைப் பின்பற்றாமல், பதிவேட்டில் தவறான தகவலை எழுதியதே பழுதுக்குக் காரணம் என்று அதில் இருந்தது. ஈரத்துணி வேலைக்குத் திரும்பினார். வராந்தாவில் எதிர்ப்பட்டால் லேசாகத் தலையசைத்தார், அவ்வளவுதான். அதற்குமேல் அவள் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் பட்டறையில் ஒன்று மாறிப்போயிற்று. உங்கள் வீட்டுக்காரர் கை மாதிரி வராது என்று இத்தனை நாள் அவளைப் பார்க்கும்போதெல்லாம் சொன்னவர்கள் இப்போது வேறு எதையாவது பேசினார்கள். பழைய தவணைகளைப் பற்றிச் சந்தேகம் வந்து, நல்ல பெட்டி நாலைந்தையும் பிரித்துப் பார்த்தார்கள். எல்லாம் குறையில்லாமல் காய்ந்திருந்தன. அதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை.

கொழுந்தன் அவள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டான். அண்ணன் போனதிலிருந்து வாரம் ஒருமுறையாவது எட்டிப் பார்ப்பவன். ஓரகத்தி போனில் பேசும்போது, என்னவோ தெரியவில்லை அக்கா, சோறு இறங்கவில்லை என்கிறார், பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறார் என்று குறைப்பட்டாள். அண்ணனைக் காட்டிக்கொடுத்துவிட்ட கோபம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்தக் கோபம் அவனுக்கு வரக்கூடியதுதான் என்றும் நினைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவன் வந்தான். டீ போட்டுக் கொடுத்தாள். தொடவில்லை.

"அண்ணன் எங்கிட்டதான் சொல்லிட்டுப் போனாரு" என்றான்.

அவளுக்கு உடனே விளங்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது. காத்து போய்க்கிட்டே இருக்கணும், காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பார்த்துக்கோடான்னாரு. முதல் நாள் பார்த்தேன். ரெண்டாம் நாள் அடுத்த பட்டறையில ஒட்டுற வேலைக்குக் காத்து வேணும்னு கேட்டாங்க. இருந்தது ஒரே கம்பிரஸர். ஒரு மணி நேரம்தானேன்னு குழாயை அங்க திருப்பி விட்டேன். திரும்ப மாத்த மறந்துட்டேன் அண்ணி. அஞ்சாம் நாள் அவர் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் ஞாபகம் வந்துச்சு."

அவள் எதிரே இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அவர்கிட்ட என்ன சொன்னே?"

"ஓடிச்சுன்னு சொன்னேன். அஞ்சு நாளும் ஓடிச்சுன்னு. அன்னிக்கு அவர் முகத்தைப் பார்த்துட்டு எப்படி அண்ணி வேற மாதிரி சொல்ல முடியும்? குழந்தையைப் புதைச்சிட்டு நேரா அங்க வந்து நிக்கறாரு."

வெளியே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முயன்று கிளப்ப முயன்று தோற்றுக்கொண்டிருந்தார்கள். அவள் எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள்.

"நான் பொய்னு சொன்னப்போ நீ கதவுகிட்ட நின்னுட்டு இருந்தே."

"ஆமா."

நீயே போய் மேடத்திடம் சொல், நான் சொல்லப் போவதில்லை என்றாள். ஒரு மனிதனைக் காட்டிக்கொடுத்தது போதும், இன்னொரு தடவை அவளால் முடியாது. அவன் சரி என்றான். பெரிய மகளுக்குப் பரீட்சை முடியட்டும் அண்ணி என்று கேட்டுக்கொண்டான். இப்போது வேலைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவள் படிப்பு கெட்டுவிடும் என்றான். அவள் மறுக்கவில்லை.

அவன் போன பிறகு, ஆறிப்போன டீக்கு முன்னால் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தாள். கணவர்மேல் பழி இல்லை என்று தெரிந்ததற்கு மனசு நிறைய வேண்டும். நிறையவில்லை. அவர் பொய் எழுதியதாக நம்பிய இந்தச் சில மாதங்களில், ஊர் வாயில் அவர் தாழ்ந்துபோனாலும், அவளுக்கு மட்டும் அவர் எப்போதையும்விட நெருங்கி வந்திருந்தார். தனக்காக எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்தவர் என்று தூங்குவதற்கு முன் நினைத்துக்கொள்வாள். அப்படி ஒருவர் இருந்ததே இல்லை. புறப்படும் முன் காற்றுக்கு ஆள் ஏற்பாடு செய்துவிட்டு, திரும்பியதும் விசாரித்துவிட்டு, கேட்டதை நம்பி எழுதியிருக்கிறார். எப்போதும்போல நிதானமாக, எதையும் விட்டுவிடாமல். அப்படிப்பட்டவரைத்தான் எட்டுப் பேர் முன்னால் பொய்யர் என்று அவள் சொல்லியிருக்கிறாள். அவள் வாயிலிருந்து அது வந்ததால்தான் எல்லோரும் மறுபேச்சில்லாமல் நம்பினார்கள்.

பரீட்சை முடிந்தது. முடிவும் வந்தது. இதற்கிடையில் மீதிப் பெட்டிகளும் ஒவ்வொன்றாகப் போயின. முப்பத்துநான்கையும் மூடிவிட உத்தரவு வந்தபோது, அந்த வேலையை அவளும் கொழுந்தனும் சேர்ந்துதான் செய்தார்கள். அவள் மின்சாரத்தை இறக்குவாள். அவன் வாயுக் குழாயைக் கழற்றி மூடி போடுவான். எண்ணைச் சொல்வதைத் தவிர அவர்களுக்குள் பேச்சு இல்லை. மூன்று நாள் ஆயிற்று.

அவளிடம் சொன்ன நான்காவது மாதத்தில் ஒருநாள் அவன் மேடத்தின் அறைக்குப் போனான். அரை மணி நேரம் கழித்துக் கூடத்துக்கு இறங்கி வந்தான். நடையே மாறியிருந்தது.

"சொல்லிட்டேன் அண்ணி. ஒண்ணு விடாம சொல்லிட்டேன்."

மேடம் என்ன சொன்னார் என்று கேட்டாள். அறிக்கை மேலே போய் ஒப்புதலும் ஆகிவிட்டதாம். தவறு பூச்சுப் பிரிவில் நடந்தது என்பதில் மாற்றம் இல்லை, அதில் யார் என்பதற்காக முடிந்த கோப்பைத் திறக்க முடியாது என்றாராம். நேர்மையாக வந்து சொன்னதற்கு நன்றி, போய் வேலையைப் பாருங்கள் என்றாராம். சொல்லும்போது அவன் கண் கலங்கியிருந்தது. கன்னத்தில் பழைய நிறம் திரும்பியிருந்தது. அன்று மத்தியானம் கேன்டீனில் அவன் இரண்டாவது தடவை சோறு வாங்கியதை அவள் பார்த்தாள்.

அவள் ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதினாள். பதிவேட்டில் இருக்கும் வரி எழுதியவரின் அறிவுக்கு உண்மையானது, கூட்டத்தில் தான் சொன்ன சொல் தவறு, அதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று. அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு, முத்திரை குத்தி, ஒரு எண் கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்துப் போய் விசாரித்தாள். கோப்பில் சேர்த்திருக்கிறோம் என்றார் எழுத்தர். எந்தக் கோப்பில் என்று அவள் கேட்கவில்லை. அவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

ஓரகத்தி விடாமல் கூப்பிட்டதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போனாள். கொழுந்தனே பரிமாறினான். இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க அண்ணி என்று தட்டைப் பிடித்து இழுத்தான். சாப்பாட்டுக்கு நடுவே அண்ணனைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். சின்ன வயதில் அண்ணன் அவனைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய்ச் சாக்கடையில் விட்டது, பிறகு இருவரும் தெருக்குழாயில் குளித்துவிட்டு மழையில் நனைந்ததாக வீட்டில் புளுகியது; அன்றைக்கோ வெளியே சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்ததாம். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஓரகத்தி சிரித்தாள். அவளும் சிரித்தாள், சிரிக்காமல் இருந்தால் கவனிப்பார்கள். அவன் நடித்தும் காட்டினான். அவன் மனசில் இனி ஒன்றும் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

அடுத்த வாரமும் வரவேண்டும் என்று வாசலில் நின்று சொன்னார்கள். பார்க்கலாம் என்றாள். பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒருவர் தலையைத் தொங்கப்போட்டுத் தூங்கிக்கொண்டு வந்தார். அவர் அசைவாரா என்று இரண்டு நிறுத்தம் வரை பொறுத்துப் பார்த்தாள். பிறகு அவர் தோளைத் தொட்டு எழுப்பி வழி விடச் சொல்லி, தன் நிறுத்தத்துக்கு வெகு முன்னதாகவே இறங்கி, மீதித் தூரத்தை நடந்தே போனாள்.